மணியின் மூச்சும் மாதாவின் திருத்தலமும்

பெரம்பலூரிலிருந்து ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலத்திற்கு வழி அதிகமில்லை. அரியலூர், கீழப்பழுவூர், திருமானூர் எனத் தெற்கு நோக்கி இறங்கி, கொள்ளிடத்தை ஒட்டிக் கிழக்கே திரும்பினால் ஊர் வந்துவிடும். காரில் இரண்டு மணி நேரப் பயணம். ஆனால் அந்தச் சிறு தொலைவைக் கடக்க எங்கள் குடும்பத்திற்கு எட்டு மாதங்கள் பிடித்தன. மே மாதத்தில் புறப்பட்ட நாங்கள், மறு ஆண்டு சனவரியில்தான் அன்னையின் திருமுன் நின்றோம். இடையில் நின்றது மலையுமன்று, வெள்ளமுமன்று. மணி என்னும் பெயருடைய ஒரு சிறு நாயின் மூச்சு.

நாய்க்காகத் திருயாத்திரை நிற்பதா என்று வாசகர்களில் சிலர் புன்னகை செய்யலாம். நாங்களும் ஒருகாலத்தில் அவ்வாறே புன்னகை செய்தவர்கள்தாம். இன்று பங்குக் குடும்பங்கள் பலவற்றில் இத்தகைய சப்பை முக நாய்கள் வளர்கின்றன. பிள்ளைகளோடு அவையும் காரில் ஏறி ஊருக்கும் திருவிழாவுக்கும் செல்கின்றன. ஆகவே எங்கள் அனுபவத்தை ஒளிக்காமல் எழுதுவது பிறருக்குப் பயன்படும் என எண்ணுகிறோம்.

விமானம் ஏறாத விருந்தாளி

மணி எங்கள் வீட்டில் பிறந்ததன்று. சென்னையில் இருந்த எங்கள் தம்பியின் குடும்பம் வேலையின் பொருட்டு வெளிநாடு செல்ல நேர்ந்தபோது, தாங்கள் அருமையாய் வளர்த்த நாயையும் உடன் அழைத்துச் செல்ல விரும்பியது. தடுப்பூசிச் சான்று, மருத்துவச் சான்று, கூண்டு முதலிய யாவும் ஆயத்தமாயின. ஆனால் விமானத்தின் சரக்கு அறையில் சப்பை முக நாய்களை ஏற்றுவதில்லை என்று விடை வந்தது. பிள்ளைகள் அழுதன. மணி பெரம்பலூருக்கு வந்து சேர்ந்தது.

அந்த மறுப்பு எங்களுக்கு அன்று கொடுமையாகத் தோன்றியது. பின்னர்தான் காரணம் விளங்கிற்று. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2010-ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டது. 2005 மே மாதம் முதல் ஏறக்குறைய ஐந்தாண்டுகளில் அந்நாட்டு விமானப் பயணங்களில் இறந்த நாய்கள் 122. அவற்றில் ஏறக்குறையப் பாதி சப்பை முக இனங்களைச் சார்ந்தவை. இங்கிலீஷ் புல்டாக் மட்டும் 25. மணியின் இனமாகிய பக் 11. மூடிய கூண்டு, ஓடுதளத்தில் காத்திருக்கும் நேரத்து வெப்பம், தனிமையின் அச்சம் ஆகிய மூன்றும் சேரும்போது, ஏற்கெனவே குறுகிய மூச்சு நின்றுவிடுகிறது. அதனாலேயே பல நிறுவனங்கள் இவ்வினங்களைச் சரக்கு அறையில் ஏற்க மறுக்கின்றன.

பக் நாயை நம் ஊர்களில் 'ஹட்ச் நாய்' என்றால்தான் பலருக்கும் விளங்கும். 2003-ஆம் ஆண்டில் வந்த ஒரு கைப்பேசி விளம்பரத்தில், சிறுவன் சென்ற இடமெல்லாம் பின்னே ஓடிய அந்தச் சிறு நாயை மறந்தவர் யார்? அந்த முகத்தைக் கண்டு மயங்கி வாங்கியவர்கள் பலர். அந்த முகத்திற்குள் ஒரு நோவு இருப்பதை அறிந்தவர்கள் சிலரே.

மே மாதத்து முற்பகல்

எங்கள் அன்னையார் கண் அறுவைக்கு முன் அடைக்கல மாதாவுக்கு ஒரு நேர்ச்சை செய்திருந்தார். பார்வை நலமாய்த் திரும்பியது. மாதாவின் வணக்க மாதம் முடிவதற்குள் நேர்ச்சையைச் செலுத்திவிட வேண்டும் என்பது அவர் ஆவல். மணியை வீட்டில் தனியே விட மனமின்றி அதனையும் ஏற்றிக்கொண்டோம்.

புறப்படுகையில் மணி பத்து. காரில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்ததால் வெளியே எரிந்த வெயில் எங்களுக்கு உறைக்கவில்லை. அரியலூரை அடைந்ததும் மெழுகுவர்த்தியும் மாலையும் பழங்களும் வாங்க இறங்கினோம். அன்னையாரும் கால் நீட்ட இறங்கினார். "ஐந்து நிமிடம்தானே" என்று மணியைக் காருக்குள் விட்டு, சன்னல் கண்ணாடிகளை இரு விரற்கடை இறக்கிவைத்தோம். ஐந்து நிமிடம் என்றது கால் மணி நேரத்தைத் தாண்டிற்று.

திரும்பி வந்தபோது காருக்குள்ளிருந்து மரம் அறுப்பது போன்ற ஓசை கேட்டது. கதவைத் திறந்தோம். மணி இருக்கையில் பரப்பிக் கிடந்தது. நாக்கு கருஞ்சிவப்பாய்த் தடித்துத் தொங்கியது. வாயில் பசை போன்ற எச்சில். தூக்கி நிறுத்தினால் கால்கள் மடிந்தன. பதறிப்போய், கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை அதன் வாயில் கவிழ்க்கப் போனோம்.

"வாயில ஊத்தாதீங்க தம்பி, பொரையேறிடும்! மேல ஊத்துங்க, மேல!"

சாலையோரத்தில் நுங்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியின் குரல் அது. சொன்னதோடு நில்லாமல், தம் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேப்ப மர நிழலில் மணியைக் கிடத்தி, வயிற்றின் மேலும் தொடையிடுக்கிலும் கால்களிலும் நீரை ஊற்றினோம். தம் முறத்தால் அவர் விசிறிக்கொண்டே இருந்தார். குடம் காலியாயிற்று. "பாவம், வாயில்லாத சீவன். இந்த வெயில்ல பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டிட்டீங்களே!" என்றார். அதில் கடுமை இல்லை. ஆனால் எங்களுக்கு மறுமொழியும் இல்லை.

அங்கிருந்து கால்நடை மருத்துவரிடம் விரைந்தோம். உடல் வெப்பம் பார்த்தார். 106 டிகிரி பாரன்ஹீட். நாய்க்கு இயல்பான வெப்பம் ஏறக்குறைய 101 முதல் 102.5 வரை. ஊசி வழியே நீர்மம் ஏற்றினார்கள். மாலை நான்கு மணியளவில் மணி தலையைத் தூக்கி எங்கள் அன்னையாரைப் பார்த்து வாலை ஒருமுறை அசைத்தது.

நேர்ச்சை என்னாவது என்று தயங்கினோம். அன்னையார் தீர்மானமாய்ச் சொன்னார்: "மாதா எங்கயும் போயிட மாட்டா. உசிரோட வீடு போய்ச் சேருவோம் வாங்க." எழுபதைக் கடந்த அவருக்கு மறுமுறை வரும் உடல்நலம் இருக்குமோ என்ற கலக்கம் எங்களுக்கு இருந்தது. பெரம்பலூர் திரும்பும் வழியில் காரில் ஒருவரும் பேசவில்லை. அன்னையார் செபமாலை உருட்டிக்கொண்டே வந்தார்.

மூச்சின் கணக்கு

அன்று மருத்துவர் எங்களுக்குக் கற்பித்தது இது. மனிதனுக்கு உடலெங்கும் வியர்க்கிறது. அதனால் சூடு தணிகிறது. நாய்க்குப் பாதங்களைத் தவிர வேறெங்கும் வியர்வையால் பயனில்லை. அது நாக்கை நீட்டி இளைக்கும்போது நாவிலும் வாயிலும் மூக்கினுள்ளும் உள்ள ஈரம் ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. நீண்ட மூக்குள்ள நாய்க்கு அதற்கு இடம் மிகுதி. சப்பை முக நாய்க்கோ எலும்புதான் குறுகியது. உள்ளிருக்கும் சதை குறுகவில்லை. அந்தச் சதை சிறிய இடத்தில் நெருங்கி அடைத்துக்கொள்கிறது. மூக்குத் துளைகள் கீற்றுப் போல ஒடுங்குகின்றன. மேல்வாயின் மென்சதை நீண்டு தொண்டையை மறைக்கிறது. சூடு ஏற ஏற அது வேகமாய் இளைக்கிறது; இளைக்க இளைக்கத் தொண்டை வீங்குகிறது; வீங்க வீங்கக் காற்று குறைகிறது. குளிர்விக்க வேண்டிய முயற்சியே மேலும் சூட்டை உண்டாக்கிவிடுகிறது. மணியின் குறட்டையை நாங்கள் வேடிக்கையென இரசித்து வந்தோம். அது மூச்சுக்காக நடக்கும் போராட்டத்தின் ஓசை என்பதை அன்று அறிந்தோம்.

கண்ணாடியை இறக்கிவைத்தோமே என்றோம். அதனால் பயன் மிகச் சிறிது என்றார். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறுகிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திற்குள்ளேயே ஏறிவிடுகிறது. சன்னலைச் சிறிது திறந்துவைத்தாலும் பெரிய வேறுபாடில்லை. மிதமான வெயில் நாளின் கணக்கே அப்படியென்றால், நம் அரியலூரின் கத்திரி வெயிலில் என்னவாகும்?

இந்த முகம் இறைவன் படைத்தபடி வந்ததன்று என்பதும் சிந்திக்கத்தக்கது. ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745-இல் தம்மையும் தம் பக் நாயையும் வரைந்த ஓவியத்தில், அந்த நாய்க்கு மூக்கு நன்றாகவே நீண்டிருக்கிறது. அதன் பின்னர், குழந்தை முகம் போல இருக்க வேண்டும் என்ற மனித ஆசை, தலைமுறை தலைமுறையாய்த் தெரிந்தெடுத்து இனம் பெருக்கி, அந்த மூக்கை உள்ளே தள்ளிவிட்டது. தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, பக், பிரெஞ்சு புல்டாக் உள்ளிட்ட சில அயல் இனங்களை நம் தட்பவெப்பத்திற்கு ஒவ்வாதவையென்று குறித்து, அவற்றை இங்கு இனப்பெருக்கம் செய்யலாகாது என்றது. புதிதாய் நாய் வளர்க்க விழைவோர் இதனை எண்ணிப்பார்த்தல் நன்று. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கோம்பையும் நம் வெயிலில் பிறந்து நம் வெயிலில் ஓடுபவை. ஆனால் முன்னமே நம் வீட்டுக்கு வந்துவிட்ட சீவனை என்செய்வது? அதன் அளவறிந்து பேணுவதே கடமை.

சுண்ணாம்பு நாட்டின் வழியே

சனவரி மாதத்தில், பொங்கல் கழிந்த ஒரு விடியலில் மீண்டும் புறப்பட்டோம். இம்முறை மணி ஐந்து. பனி கண்ணாடியில் வழிந்தது. மணிக்கு முந்திய இரவோடு உணவை நிறுத்தியிருந்தோம். வயிறு நிறைந்தால் மூச்சு முட்டும், வாந்தியெடுத்தால் புரையேறும். கழுத்துப் பட்டையை நீக்கி, மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை அணிவித்து, பின்னிருக்கையில் பிணைத்திருந்தோம். இரண்டு குடம் அளவு தண்ணீர், ஒரு கிண்ணம், பழைய துண்டுகள், அரியலூர், திருமானூர்ப் பகுதிக் கால்நடை மருத்துவர்களின் தொலைபேசி எண்கள் ஆகியன உடன் வந்தன. மணிக்கு ஒருமுறை நிறுத்தி இளைப்பாற்றுவது என முடிவு செய்திருந்தோம்.

பெரம்பலூரின் மக்காச்சோளக் காடுகளையும் பருத்திக் காடுகளையும் கடந்து அரியலூரை நெருங்கும்போது மண்ணின் நிறமே மாறுகிறது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசையாய் எதிர்ப்படுகின்றன. இந்நிலம் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாயிருந்தது. அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் எலும்புகளும் படிந்தே இன்றைய சுண்ணாம்புக்கல் ஆயிற்று. அவ்வுயிர்களின் புதைபடிவங்களை வாரணவாசி அருங்காட்சியகத்தில் காணலாம். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரமொன்று கல்லாய்ச் சமைந்து கிடக்கிறது. அந்தப் பழங்கடலின் கொடையாகிய சுண்ணாம்பே சிமெண்டு ஆலைகளாய் ஆயிரமாயிரம் பேருக்குச் சோறு போடுகிறது; அதுவே புழுதியாய்ச் சாலையெங்கும் பறக்கவும் செய்கிறது.

அப்புழுதி மணி போன்ற நாய்களுக்கு மற்றோர் ஆபத்து. பிதுங்கிய கண்களை மறைக்க இமை போதாது. நீண்ட மூக்கும் முன்னே இல்லை. காற்றுக்காகத் தலையை வெளியே நீட்டினால் ஒரு துகள் போதும், கருவிழி புண்ணாகிவிடும். ஆகையால் சன்னலைத் திறக்கவில்லை. நிறுத்திய இடத்தில் ஈரத்துணியால் முகத்தை ஒற்றியெடுத்தோம்.

அரியலூரில் அந்த வேப்ப மரத்தடியில் நிறுத்தினோம். மூதாட்டியைக் கண்டு நன்றி சொல்ல வேண்டும் என்பது எங்கள் எண்ணம். அன்றைய பதற்றத்தில் அவருக்கு ஒரு நுங்குக்குக் கூடக் காசு கொடுக்காமல் ஓடியிருந்தோம். ஆனால் அது நுங்குக் காலமன்று. மரத்தடி வெறுமையாய் இருந்தது. அங்கு நின்றபோது ஓர் எண்ணம் எங்களை உறுத்தியது. நாய்க்கு நிழல் தேடி ஓடிய நாங்கள், அதே வெயிலில் நாள் முழுதும் அமர்ந்திருந்த அந்தத் தாய்க்கு ஒரு குடையேனும் உண்டா என்று கேட்கவில்லையே! கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி இதில் இரு பக்கமும் பேசுகிறது. விலங்குகள் இறைவனின் படைப்புகள். அவற்றைத் தேவையின்றி வதைப்பது மனித மாண்புக்கு இழுக்கு என்கிறது. மனிதரின் துயர் துடைக்க முதலில் செலவிட வேண்டிய பொருளை விலங்குகளுக்கெனச் செலவிடுவதும் தகாது என்கிறது. எங்களுக்கு ஒரு பாதி மட்டுமே நினைவிருந்தது. மறு பாதியை நினைவூட்டியது அந்த வெற்று மரத்தடி.

கீழப்பழுவூரைத் தாண்டியதும் கிழக்கு வெளுத்தது. கரைவெட்டி ஏரிப் பகுதியின் வானில் பறவைகள் வரிசை பிடித்துச் சென்றன. 2024 சனவரியில் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற அந்த ஏரிக்கு, குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் வருகின்றன. அவை இமயத்தின் மேலே, காற்று மெலிந்த உயரத்தில் பறந்து கடந்து வருபவை. அத்தகைய மூச்சை அருளிய இறைவனின் உலகில், நாம் குறுக்கிய மூச்சோடு மணி எங்கள் மடியில் உறங்கிக்கொண்டிருந்தது. பறவைச் சரணாலயத்துள் நாயைக் கொண்டுசெல்வது முறையன்று. ஆதலால் ஏரிக்குள் செல்லும் ஆவலை அடக்கிக்கொண்டு திருமானூர் நோக்கிச் சென்றோம்.

அடைக்கலத்தின் நிழலில்

ஏலாக்குறிச்சி, வீரமாமுனிவர் வாழ்ந்து பணியாற்றிய மண். இத்தாலி நாட்டில் 1680-இல் பிறந்த அந்த முனிவர், இவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டுத் தமிழில் கலம்பகம் பாடினார். கட்டியால் வருந்திய அரியலூர்ப் பாளையக்காரர் அரங்கப்ப மழவராயர் முனிவரின் மருத்துவத்தாலும் அன்னையின் அருளாலும் நலம் பெற்று, ஆலயத்திற்கு நிலம் வழங்கினார் என்பது இத்தலத்தின் மரபு. அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கெல்லாம் நிழலாய் இருந்த தலம் என்பதாலேயே அன்னைக்கு அப்பெயர் பொருந்துகிறது.

நாங்கள் சென்றடைந்தபோது காலைத் திருப்பலி தொடங்கும் நேரம். ஆலயத்துள் நாயைக் கொண்டுசெல்லலாகாது. காருக்குள் விடுவதில்லை என்று உறுதி பூண்டிருந்தோம். ஆகவே முறை வைத்துக்கொண்டோம். அன்னையாரும் பிள்ளைகளும் உள்ளே சென்றனர். நாங்கள் இருவரில் ஒருவர் மாற்றி ஒருவர் மர நிழலில் மணியோடு இருந்தோம். ஒலிபெருக்கியில் மன்றாட்டுகள் வெளியே கேட்டன. அன்னையார் மெழுகுவர்த்தி ஏற்றி நேர்ச்சையைச் செலுத்திவிட்டு வெளியே வந்தார். அறுவை செய்த கண்ணில் நீர் நிறைந்திருந்தது. மணியின் தலையைத் தடவி, "நீயும் வந்து சேந்துட்டடா" என்றார்.

ஒன்பதரை மணிக்கெல்லாம் திரும்பப் புறப்பட்டோம். பிள்ளைகள் கொள்ளிடத்தைக் காண வேண்டுமென்றன. வெயில் ஏறுமுன் வீடு சேர வேண்டும் என்று சொன்னபோது முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டன.

உடன் அழைத்துச் செல்வோருக்கு

சப்பை முக நாயோடு பயணம் செய்வோர் மறவாதிருக்க வேண்டியவை சிலவே. கோடையில் விடியலிலோ இரவிலோ மட்டும் செல்லுங்கள். ஒரு நிமிடமும் காரில் தனியே விடாதீர்கள். தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதமும் வேகும். இளைப்பு உரத்து ஒலித்தாலும், எச்சில் தடித்தாலும், நாக்கு கருஞ்சிவப்பாகவோ நீலமாகவோ மாறினாலும், நடை தள்ளாடினாலும் அக்கணமே நிறுத்தி, நிழலில் கிடத்தி, உடலெங்கும் நீரூற்றி விசிறுங்கள். ஈரத்துண்டால் போர்த்தி மூடிவிடாதீர்கள். உடற்சூடு உள்ளேயே அடைபடும். தானே குடித்தால் குடிக்கட்டும், வாயில் புகட்டாதீர்கள். சற்றுத் தணிந்தவுடன், தெளிந்துவிட்டதே என்று இராமல் மருத்துவரிடம் செல்லுங்கள். உள்ளுறுப்புகளின் கேடு பின்னர்தான் வெளிப்படும்.

பெரம்பலூருக்கு இரயில் இல்லை. அரியலூரில் ஏறுவோர் உண்டு. குளிர்சாதன முதல் வகுப்பில் தனி அறை முழுவதையும் பதிவு செய்தால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இன்றேல் கார்டு பெட்டியிலுள்ள நாய்க்கூண்டில்தான் செல்ல வேண்டும். வெப்ப நாளில் சப்பை முக நாய்க்கு அது ஆகாது. விமானமெனில், நிறுவனத்துக்கு நிறுவனம் விதி வேறு. ஆகாசா ஏர் நிறுவனம் 2022 நவம்பரில் சிறு நாய்களையும் பூனைகளையும் பயணியரோடு அறையிலேயே ஏற்கத் தொடங்கியது. எடை வரம்பையும் இன விதியையும் பயணச்சீட்டு வாங்குமுன் கேட்டறிய வேண்டும். வெளிநாடாயின் சென்னையிலுள்ள விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தின் சான்றும் வேண்டும். அமைதியாய் இருக்கட்டும் என்று மயக்க மருந்து கொடுக்கவே கூடாது. அது மூச்சை மேலும் தளர்த்திவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, போகத்தான் வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். நம்பத்தக்க உறவினர் வீட்டில் விட்டுச் செல்வதே பல வேளைகளில் பேரன்பு.

யாக்கோபின் நடை

தோபித்து நூலில், வானதூதர் இரபேலோடு நெடும்பயணம் சென்ற இளைஞர் தோபியாவின் பின்னே ஒரு நாயும் சென்றதாகப் படிக்கிறோம். அது என்ன செய்தது என்று நூல் கூறவில்லை. உடன் சென்றது என்று மட்டுமே கூறுகிறது. தொடக்கநூலில் மற்றொரு காட்சி உண்டு. ஏசா தம் ஆட்களோடு முன்னே விரைய, யாக்கோபு உடன் விரைய மறுக்கிறார். பிள்ளைகள் மெல்லியர், ஆடு மாடுகளுக்கும் குட்டிகள் உண்டு, ஒருநாள் விரட்டினாலும் மந்தை மடிந்துபோகும். ஆதலால் அவற்றின் நடைக்கேற்பவே தாம் வருவதாகச் சொல்கிறார்.

குடும்பம் என்பதும் அத்தகைய ஒரு மந்தைதான். அதில் நடை தளர்ந்த முதியவர் உண்டு. சிணுங்கும் குழந்தை உண்டு. மூச்சுக் குறுகிய வாயில்லாச் சீவனும் உண்டு. மே மாதத்தில் நாங்கள் எங்கள் வேகத்தில் சென்றோம். பாதி வழியில் திரும்பினோம். சனவரியில் எங்களுள் மிக எளியதன் வேகத்தில் சென்றோம். அனைவரும் அன்னையின் முற்றத்தை அடைந்தோம்.

வரும் கோடையில், விடியற்பொழுதில், மணியை வீட்டில் நிழலில் விட்டு, நாங்கள் மட்டும் அரியலூர் செல்வதாக இருக்கிறோம். வேப்ப மரத்தடியில் ஒரு கடன் பாக்கியிருக்கிறது. காரில் ஒரு பெரிய குடையும் ஆயத்தமாய் இருக்கிறது.